எண்பது பாயிண்ட்டு வைரக்கண்ணு

"யாரும் பேசாதீங்க" என்று இடது கையைத் தூக்குகிறார் வைரக்கண்ணு. பட்டறையே வாயை மூடிக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் டிப்பர் லாரியின் எஞ்சின் மேல் ஒரு முழ நீளத் திருப்புளியை ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதில் வைத்துக் குனிந்து நிற்கிறார். கண் மூடியிருக்கிறது. உதடு மட்டும் எதையோ எண்ணுகிறது. லாரி டிரைவர் பொறுமையில்லாமல் செருப்பால் மண்ணைக் கிளறுகிறான். இரண்டு நிமிடம் கழித்து நிமிர்கிறார்.

"நாலாவது இஞ்செக்டர். அவனுக்கு மட்டும் இருமல் இருக்கு."

கழற்றிப் பார்த்தால் டீசலைப் பீய்ச்சும் அந்த நாலாவது குழல்தான் பழுது.

அரியலூர் புறவழிச்சாலையில் இருக்கிறது அந்தப் பட்டறை. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் லாரிகள் அங்கேதான் வந்து படுக்கும். எதிரே நிற்கிற புளியமரத்தின் இலை, மழை பெய்த மறுநாள் மட்டும்தான் பச்சை. மற்ற நாளெல்லாம் வெள்ளை. வைரக்கண்ணுவின் புருவமும் அப்படித்தான். வயது முப்பத்தாறு, சாயங்காலம் பார்த்தால் ஐம்பது சொல்லலாம், குளித்து வந்தால் முப்பது.

வண்டிகளில் அவருக்கு ஆண், பெண் உண்டு. லாரி 'அவன்', பஸ் 'அவ'. டிராக்டர் மட்டும் 'அது'. ஏன் என்று கேட்டால், "டிராக்டருக்கு ரோசம் கெடையாது, என்ன செஞ்சாலும் ஓடும்" என்பார். எந்த நாற்காலியிலும் நேரடியாக உட்கார மாட்டார். சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் செய்தித்தாளை விரித்து, அதன் மேல்தான் உட்காருவார். குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டு வந்த நாளிலும் அப்படித்தான். "பழக்கம் டீச்சர். ஒருத்தவங்க வூட்ல கறை வச்சிட்டு வந்தா அவங்க நம்மள மறக்கவே மாட்டாங்க."

டீச்சர் என்பது நான்தான். கடைத்தெருவில் ஓர் உரக்கடையின் மாடியில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வெளிநாடு போவதற்கான ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் வருவார்கள். பெரும்பாலும் நர்ஸ் பெண்கள், கல்லூரி முடித்த பையன்கள். அவர்களுக்கு நடுவில் ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் வைரக்கண்ணு வந்து கடைசி பெஞ்சில் செய்தித்தாளை விரித்தார். "ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் படிச்சிருக்கேன். இங்கிலீசு கேட்டா புரியும், பேசுனா சிரிப்பாங்க. எனக்கு சொல்லித் தர முடியுங்களா?" என்றார்.

ஆயில் ஃபில்டர் வரும் அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வது அவர் முறை. ஒரு சொல்லை மூன்று தடவை யாரிடமாவது பேசிவிட்டால்தான் அதற்கு ஒரு டிக் விழும். பேசுவதற்கு ஆள் கிடைக்காத சொற்களை லாரி டிரைவர்களிடம் பேசித் தீர்ப்பார். "டிரைவர் சார், யுவர் பிரேக் இஸ் அன்ரிலையபிள்" என்று சொல்லி, திருமானூர் டிரைவர் ஒருவரிடம் அடி வாங்கப் பார்த்திருக்கிறார்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர்கள். சொந்த நிலம் கிடையாது. வைரக்கண்ணு வளைகுடாவில் நாலு வருடம் வேலை பார்த்தார். அங்கே நல்ல சம்பளம்தான். ஆனால் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குகிறவன்தான் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டி வரலாம் என்று சட்டம். மெக்கானிக்குக் கட்டில் ஒன்று, அதுவும் அடுக்குக் கட்டில். மகள் அபிநயா பிறந்ததை அவர் செல்போனில்தான் பார்த்தார். "பாப்பாவ நாலு இஞ்சி ஸ்கிரீன்ல வளத்தேன் டீச்சர். மூனாவது வருசம் லீவுல வந்தப்ப என்னைய பாத்து அழுதுட்டு, என் போட்டோவ பாத்து சிரிச்சா. அன்னைக்கு முடிவு பண்ணேன். இனிமே போனா மூனு பேரும் போற நாட்டுக்குத்தான் போவேன்."

அப்படி ஒரு நாட்டை அவரே தேடிக் கண்டுபிடித்தார். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே போயிருக்கும் ஒரு பெண்ணுக்குத் தொந்தரவு வந்துவிடக் கூடாதாம். டீசல் மெக்கானிக்குகள் தேவை என்று அந்த அரசாங்கம் பட்டியல் போட்டிருந்தது. வயதுக்கு இத்தனை புள்ளி, தொழிலுக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை என்று கூட்டிப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள். குடும்பத்தோடு போகலாம்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை என்னிடம் வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். அபிநயாவுக்கு டவுன் சிண்ட்ரோம். அந்த நாட்டில் அப்படிப்பட்ட பிள்ளைகள் மஞ்சள் பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கூடம் போவதை ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். "ஒவ்வொரு புள்ளைக்கும் பக்கத்துலயே ஒரு டீச்சர் ஒக்காந்திருக்காங்க. கத்தி பேசல, கிள்ளல. இங்க நம்ம புள்ளைய கடைசி வரிசைல ஒக்கார வச்சு, சாயங்காலம் எழுப்பி அனுப்புறாங்க." அந்த வீடியோவை என்னிடம் காட்டும்போது எஞ்சின் சத்தம் கேட்பதுபோல் போனைக் காதோரம் வைத்துக்கொண்டார். அந்த டீச்சர் பிள்ளையிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டுமாம்.

வகுப்பில் வாரம் ஒரு கட்டுரை எழுத வைப்பேன். ஒரு வாரம் தேர்வில் வழக்கமாக வருகிற தலைப்பு ஒன்றைக் கொடுத்தேன். 'சில வகைக் குடியேறிகளுக்கு மட்டும் அரசாங்கங்கள் முன்னுரிமை தரலாமா?' எழுதுவதற்கு முன் பேசச் சொன்னேன். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த சுகன்யா முதலில் எழுந்தாள்.

"ஆளுக்கு மார்க் போடுறது எனக்கு ஒப்பல டீச்சர். சந்தையில மாடு வாங்குறவன் பல்லப் புடிச்சுப் பாக்குற மாதிரி இருக்கு."

வைரக்கண்ணு உட்கார்ந்தபடியே சொன்னார்: "இதுல என்னம்மா தப்பு? இஞ்செக்டர் போச்சுன்னா இஞ்செக்டர்தான வாங்குவோம்? சும்மா கெடைக்குதுன்னு ரெண்டு ரேடியேட்டர மாட்டுவமா?"

"மனுசங்க என்ன ஸ்பேர் பார்ட்டாண்ணே?"

"ஸ்பேர் பார்ட்டுன்னே வச்சுக்க. எங்கப்பா கரும்பு வெட்டப் போனப்ப, நீ எந்தத் தெரு, யாரு மவன்னு கேட்டுட்டுத்தான் தண்ணி குடுத்தாங்க. இந்த நாட்டுக்காரன் ஒனக்கு என்ன வேல தெரியும்னு மட்டும் கேக்குறான். அதுக்கு மார்க் போடுறான். இது எவ்ளவோ மேல்மா. நான் நாட்ட ஆண்டாலும் இப்படித்தான் ஆள் எடுப்பேன்."

சுகன்யா உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.  'ஒரு நாடு என்பது பெரிய பட்டறை' என்று தொடங்கி அதையே அவர் கட்டுரையாக எழுதினார். ஒன்பதுக்கு ஏழு போட்டு, ஓரத்தில் 'தெளிவான வாதம்' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதுவரை வாங்கியதிலேயே அதுதான் அதிகம்.

ஆங்கிலத் தேர்வில் மூன்றாவது முறை எழுதித்தான் தேறினார். தொழில் சோதனைக்குச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு எஞ்சினை ஓட விட்டு, என்ன பழுது என்று கம்ப்யூட்டர் கருவியை மாட்டிப் பார்க்கச் சொன்னார்களாம். இவர் கருவியை மாட்டுவதற்கு முன்பே வாயால் சொல்லிவிட்டு, பிறகு மாட்டிக் காட்டியிருக்கிறார். எல்லாம் கூட்டி எண்பது புள்ளி வந்தது. தேவைக்கு மேல் பதினைந்து. பட்டறையில் அன்றைக்கு எல்லோருக்கும் அல்வாவும் மிக்சரும். அதிலிருந்து டிரைவர்கள் அவரை 'எண்பது பாயிண்ட்டு' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் சிரிப்பார்.

அபிநயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எட்டு வயது. யார் பேசினாலும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொல்வாள். "பஸ் வந்துருச்சு" என்றால் "வந்துருச்சு, வந்துருச்சு" என்று இரண்டு தடவை. சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள். பிடிவாதம் அதிகம். ரிப்பன் இரண்டு பக்கமும் ஒரே நீளம் இல்லையென்றால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப மாட்டாள். அம்மா வேணி தைக்கும் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கியை எண்ணி எடுத்துக் கொடுப்பாள். எட்டு வரைக்கும் தப்பில்லாமல் எண்ணுவாள், ஜாக்கெட்டுக்கு ஆறு போதும். இரண்டு வயதில் இதயத்தில் ஓட்டை அடைத்தார்கள். அதற்கப்புறம் காய்ச்சல், சளி தவிர ஒன்றும் இல்லை.

விசாவுக்கு மூன்று பேருக்கும் மருத்துவப் பரிசோதனை சென்னையில் நடந்தது. திரும்பி வந்தவர் நேராக வகுப்புக்கு ஓடி வந்தார். "பாப்பா கலக்கிட்டா டீச்சர். டாக்டரம்மா படம் வரையச் சொன்னாங்க, வரைஞ்சா. எண்ணச் சொன்னாங்க, எண்ணுனா. கெளம்பறப்ப அவங்களா கை குடுத்தாங்க!"

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வகுப்பு இல்லாத நேரத்தில் மாடிப்படியில் அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டது. கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. செய்தித்தாள் விரிக்காமல் என் எதிரே உட்கார்ந்தார். 

"டீச்சர், ஒரு லெட்டர் வந்திருக்கு. நானே படிச்சேன். ஆனா என் இங்கிலீசு தப்பா இருக்கும்னு நெனைக்கிறேன். நீங்க படிச்சுச் சொல்லுங்க."

போனை நீட்டினார். நான் படித்தேன். மரியாதையான ஆங்கிலம். ஒரு சொல்கூடக் கடுமையாக இல்லை. விண்ணப்பதாரரின் தகுதி ஏற்கப்பட்டது. மனைவியின் உடல்நலம் ஏற்கப்பட்டது. மகளுக்கு வருங்காலத்தில் சிறப்புக் கல்வியும் சமூக உதவிகளும் தேவைப்படும். அது அந்த நாட்டின் குடிமக்கள் மேல் கணிசமான சுமையாக அமையும். ஆகவே அவள் குடியேறத் தகுதியற்றவள். குடும்பத்தில் ஒருவர் தகுதி பெறாவிட்டால் எவரும் தகுதி பெற மாட்டார்கள். பதில் சொல்ல இருபத்தெட்டு நாள்.

நான் தலையைத் தூக்கவில்லை. இரண்டாவது தடவை படிப்பதுபோல் பாவனை செய்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கடிதங்களை மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மூன்றாவது தடவையும் படித்தேன். ஒரு மனிதன் தன் ஆங்கிலம் மோசம் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று காத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான். நான் நாலு வருடமாக அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள்.

"நீங்க புரிஞ்சுக்கிட்டது சரிதான் வைரக்கண்ணு" என்றேன்.

"பர்டன்னா லோடுதானே?"

"ஆமாம். சுமை."

"எவ்ளோ லோடுன்னு போட்டிருக்காங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. அவர் தொழிலில் எந்தச் சுமைக்கும் ஓர் எடை உண்டு, அதனால் கேட்டார். போட்டிருந்தார்கள். அதுதான் என்னை உலுக்கியது. இணைப்பில் ஒரு பட்டியல். அடுத்த பத்து வருடத்துக்கு அபிநயாவின் பள்ளிக்கூடம், பேச்சுப் பயிற்சி, துணை ஆள் என்று வரிசை வரிசையாகத் தொகை எழுதிக் கூட்டியிருந்தார்கள். அவர் வீடியோவில் பார்த்தாரே, பக்கத்தில் உட்கார்ந்த டீச்சர், அந்த டீச்சரின் சம்பளமும் அதில் இருந்தது. அந்தப் பட்டியலை வைரக்கண்ணு விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். திரையில் கிரீஸ் கோடு விழுந்தது.

"டாக்டரம்மா கை குடுத்தாங்களே டீச்சர்" என்றார்.

சுகன்யாவுக்கும் அதே மாதம் பதில் வந்தது. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. உடனே விசா.

வைரக்கண்ணு இடிந்து உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் பழுது பார்க்கிற ஆள். நாலாம் நாள் ஒரு யோசனையோடு வந்தார். திருச்சியில் விசா வேலை பார்க்கும் சுதர்சன் என்பவர் சொன்ன வழி. அபிநயாவைச் சட்டப்படி வேறு யாருக்காவது தத்துக் கொடுத்துவிட்டால் அவள் இந்தக் குடும்பத்துப் பிள்ளையாக இருக்க மாட்டாள். மீதி இரண்டு பேரும் தகுதியானவர்கள்.

"யாருக்கு?" என்றேன். 

"செட்டிகுளத்துல எங்கக்கா முத்தாயி இருக்கு. அதுக்குப் புள்ள கெடையாது. அபின்னா உசுரு. மாமாவும் சரிங்கிறாரு. நாங்க போயி ஒரு அஞ்சாறு வருசம் சம்பாரிச்சுட்டு…"

"அப்புறம்?"

"பாக்கணும்."

முடியாது என்ற சொல்லை அவர் பயன்படுத்தி நான் கேட்டதே இல்லை. முடியாததற்கெல்லாம் 'பாக்கணும்' என்றுதான் சொல்வார். மூன்று பேரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று நாடு தேடிய மனிதன், அந்த நாட்டுக்குப் போவதற்காக மூன்றில் ஒன்றைக் கழிக்கிறார். அது அவருக்குத் தெரிகிறதா இல்லையா என்று அந்த முகத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "வேணி என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். "ஒன்னும் சொல்லல. சொல்லலன்னா சரின்னுதான அர்த்தம்?" என்றார்.

ஒரு புதன்கிழமை காலை. பெரம்பலூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் வீரமுத்துவின் கடை. தத்துப் பத்திரத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், நீங்கள் ஒருவர் என்று வைரக்கண்ணு கேட்டபோது நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு நான் சொல்லக்கூடிய வேறு வழி எதுவும் என்னிடம் இல்லை. அது ஒரு காரணம் என்றால் காரணம்.

முத்தாயி புதுப் புடவை கட்டி வந்திருந்தார். அவர் கணவர் பெரியசாமி ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம் கொண்டுவந்து கடை ஓரத்தில் வைத்திருந்தார், வேணி வீட்டுக்கு. முத்தாயியின் மடியில் அபிநயா. அந்த அம்மாள் பிள்ளையின் ரிப்பனை இரண்டு பக்கமும் அளந்து அளந்து சரி செய்துகொண்டிருந்தார். அதில் பொய் எதுவும் இல்லை. வேணி சுவரோரம் நின்றாள். பத்து நாளாகவே அவள் பேசவில்லை என்று எனக்குத் தெரியும்.

வீரமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தைச் சத்தமாகப் படித்தார். பத்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு ராகம் உண்டு. நிலம் விற்றாலும் அதே ராகம்தான்.

"…மேற்படி பெண் குழந்தை இன்று முதல் தங்களுக்கே மகளாகும். மேற்படி குழந்தையின் பேரில் எங்களுக்கு இனி எவ்வித உரிமையும் பாத்தியதையும் கிடையாது."

"கிடையாது, கிடையாது" என்றாள் அபிநயா. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வீரமுத்து படிப்பதை நிறுத்தினார். முத்தாயியின் கை ரிப்பனிலேயே நின்றுவிட்டது. தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. வைரக்கண்ணு மகளைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார்.

வேணி பேசினாள். சத்தமே இல்லை, பக்கத்து வீட்டில் மாவு கடன் கேட்பது மாதிரிதான் இருந்தது.

"எழுதுறவரே, இவ பேர எடுக்குறதுன்னு ஆயிப்போச்சு. கையோட என் பேரையும் எடுத்துடுங்க. அவங்களுக்கு வேல தெரிஞ்ச ஆளுதான வேணும்? இவரு ஒருத்தரு போதும்."

"வேணி…" என்றார் வைரக்கண்ணு.

"நான் ஒன்னும் கோவிச்சுக்கல. நெசமாத்தான் சொல்றேன். நாலு வருசம் போன்ல குடும்பம் நடத்துனோம். அது எனக்குத் தெரிஞ்ச வேலதான். புள்ளைய எழுதிக் குடுக்குறது எனக்குத் தெரியாத வேலைங்க."

முத்தாயிதான் முதலில் அழுதார். தனக்குக் கிடைக்க இருந்த பிள்ளை கிடைக்காது என்பது அவருக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அப்படியே அபிநயாவை இடுப்பில் தூக்கிப் போய் வேணியின் கையில் கொடுத்தார். "எனக்கு ஆசதான் தம்பி. ஆனா இப்படி வேணாம். லீவுக்கு அனுப்பி வையி, போதும்." பெரியசாமி கீழே வைத்த வெங்காயப் பையை எடுத்து வேணி வந்த ஆட்டோவில் ஏற்றினார். நான் பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன். மூடி சரியாக மாட்டவில்லை. மை பை முழுக்கக் கொட்டியது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த அரசாங்கத்துக்கு வைரக்கண்ணு பதில் எழுதினார். அதை நான் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு பக்கம். 'ஐயா, என் மகள் தினமும் செய்யும் வேலைகள்' என்று வரிசையாக: ஜாக்கெட்டுக்கு ஆறு கொக்கி எடுத்துக் கொடுப்பாள், பட்டறைக்கு எனக்குச் சோறு கொண்டுவரும் அம்மாவுக்குக் குடை பிடிப்பாள், நான் இருமினால் தண்ணீர் கொண்டுவருவாள். கடைசி வரி: 'என் எண்பது புள்ளியில் தேவைக்கு மேல் பதினைந்து இருக்கிறது. அதை அவளுக்குக் கொடுக்க விதி உண்டா?' இலக்கணப் பிழை மூன்று இருந்தது. நான் தொடவில்லை.

ஏழு வாரத்தில் பதில். அதே மரியாதையான ஆங்கிலம். விதி இல்லை.

சுகன்யா கிளம்புவதற்கு முன் பட்டறைக்கே போய்ச் சொல்லிக்கொண்டாள். அவளிடம் அவர்தான் முதலில் பேசினாராம். "போயிட்டு வாம்மா. அங்க குளுருல டீசலே ஒறஞ்சு போவுமாம். நல்ல ஸ்வெட்டரா வாங்கிக்க." பெட்டி கட்டுவதற்கு லாரித் தார்ப்பாய் கட்டும் நைலான் கயிறு இரண்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

வகுப்புக்கு அவர் இப்போது வருவதில்லை. நான்தான் எப்போதாவது பட்டறைப் பக்கம் போவேன். 'எண்பது பாயிண்ட்டு' என்று டிரைவர்கள் இன்னும் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் திரும்புகிறார், சிரிப்பதில்லை. போன மாதம் துணிந்து கேட்டேன். "அன்னைக்குக் கட்டுரை எழுதினீங்களே, இப்ப எழுதினா என்ன எழுதுவீங்க?"

கையைச் சோப்புத்தூளில் தேய்த்துக்கொண்டே யோசித்தார். யாரையாவது திட்டுவார், எதையாவது தூக்கிப் போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ரூல் போட்டவங்கள நான் என்ன சொல்றது டீச்சர்? எனக்கு மார்க் போட்டப்ப எனக்கு இனிச்சுது. அது நெசந்தான்." தண்ணீர் ஊற்றி அலசினார். "மார்க்குன்னா எல்லாருக்குந்தான் போடுவாங்கன்னு அப்ப தோணல. அவ்ளோதான்."

அவ்வளவு நிதானமாக அவர் அதைச் சொன்னது, கடிதத்தைப் படித்த அன்றைவிட எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. நான் போட்ட ஏழு மார்க்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. 

போன வாரம் பெரம்பலூர் தபால் நிலையத்தில் இருக்கும் பாஸ்போர்ட் மையத்துக்கு, மாணவி ஒருத்திக்கு உதவியாகப் போயிருந்தேன். வரிசையில் வைரக்கண்ணு நின்றார். வெள்ளைச் சட்டை. பக்கத்தில் வேணி, நடுவில் அபிநயா, ஒன்பது வயது ஆகிவிட்டது. பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் காலாவதியாகிவிடும், புதுப்பிக்க வந்திருக்கிறார்கள்.

கவுண்டரில் இருந்த பெண் காகிதங்களைப் புரட்டியபடி, "எங்க போறீங்க சார்?" என்று கேட்டாள்.

"எங்கயும் போகல. புள்ளைக்கு ஒன்னு இருக்கட்டும்."

அவள் காகிதங்களை அடுக்கி வைத்தாள். புகைப்படத்துக்கு அபிநயாவை ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். ஸ்டூல் உயரம். வைரக்கண்ணு தூக்கி உட்கார வைத்து, பின்னால் சாய்ந்துவிடாமல் முதுகில் கை கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அபிநயா கேமராவைப் பார்த்து வாயை இறுக்கி மூடினாள். சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், தோள்கிட்ட உங்க கை தெரியுது. கைய எடுங்க."

வைரக்கண்ணு கையைக் கொஞ்சம் கீழே இறக்கினார். எடுக்கவில்லை.